கண் மூடிய பிரேக்கர்

ஆம்பியர் என்றால்தான் அந்த ஆலையில் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. கட்டிய மனைவியே கோபம் வந்தால், "உங்க ஆம்பியர் மூளைக்கு இதெல்லாம் ஏறாது" என்பாள்.

அட்டைப்பெட்டி செய்யும் ஆலை அது. மெஷின் கூடத்துக்கு மின்சாரம் போகும் வழியில், கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில், ஆள் உயரத்துக்கு இரும்பு அலமாரி. அதற்குள் பிரேக்கர், கூடத்து மின்சாரம் முழுவதையும் விடவும் நிறுத்தவும் செய்கிற பெரிய சுவிட்ச். பிரேக்கரின் நெற்றியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, அதில் ஒரு சின்னத் திரை. மூன்று கம்பியிலும் அந்த நொடியில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று அந்தத் திரை ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அதைப் பார்ப்பதுதான் இவருக்கு வேலை. எண் ஐந்தாறு ஏறினால் போதும், "மூணாம் மெஷின்ல அட்டை சிக்கியிருக்கு பாரு" என்று சொல்லி அனுப்புவார். மெஷின்காரனுக்கே அப்போதுதான் தெரியும். பெயர் வந்த கதை அதுதான்.

அந்தத் திரைக்கு ஆலையில் கண் என்று பெயர். எண் தெரிந்தால் கண் திறந்திருக்கிறது. இருண்டுவிட்டால் கண் மூடிவிட்டது. மூடிவிட்டால் மின்சாரம் இல்லை. இது அங்கே எழுதாத சட்டம். எந்தப் புண்ணியவான் முதலில் சொன்னானோ, யாரும் கேட்டதில்லை.

அலமாரியின் பின்பக்கம் கேபிள் முனைகள் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவற்றின் போல்ட்டுகளை முறுக்கிவிட வேண்டும். அன்றைக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் மெஷின்கள் நிற்கும். போர்மேன் தன் அறையிலிருந்து சுவிட்சை அமுக்கிப் பிரேக்கரைத் திறந்துவிடுவார். பிரேக்கர் திறந்தால் மின்சாரம் அறும், மூடினால் ஓடும். ஆம்பியர் திரையைப் பார்த்து, "கண் மூடியாச்சு" என்று குரல் கொடுப்பார். பின்னால் காத்திருக்கும் மெக்கானிக் அதைக் கேட்டுத்தான் கையை உள்ளே விடுவார். பக்கத்திலேயே காற்றடிக்கும் கம்ப்ரசர் வேறு லைனில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் இரைச்சலில் பிரேக்கர் திறக்கிற சத்தம் கேட்காது. அதனால் எல்லாருக்கும் கண்தான் சாட்சி.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அங்கே மெக்கானிக்காக இருந்தவர் ஆம்பியருக்குப் பெரியப்பா மகன், மூத்தவர். ஆம்பியரை ஆலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். ஒரு சாப்பாட்டு நேரத்தில், இதே அலமாரியின் பின்னால், ஸ்பேனர் பிடித்த கையோடு சாய்ந்துவிட்டார். வயது நாற்பது. வந்து பார்த்தபோது பிரேக்கர் திறந்திருந்தது, மின்சாரம் இல்லை. போர்மேன் அமுக்கினேன் என்றார். விசாரிக்க வந்தவர்களிடம் ஆம்பியர் அழுதுகொண்டே சொன்னார்: "கண் மூடியிருந்துச்சு. நான் பாத்துட்டுத்தான் சொன்னேன்." மூத்தவரின் விரல் நுனியில் ஒரு சின்னக் கறுப்பு இருந்தது. மெக்கானிக் கையில் கறுப்பு இல்லாமலா என்று விட்டுவிட்டார்கள். நெஞ்சு நின்றுபோயிற்று என்று டாக்டர் எழுதினார். வம்சத்தில் இருக்கும் என்று உறவில் ஆளுக்கொரு செத்த கிழவரைத் தோண்டி எடுத்தார்கள். அம்மா வழித் தாத்தா ஒருவர் உட்கார்ந்தபடியே போனாராம். அவருக்கு வயது தொண்ணூற்றொன்று என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவர் மனைவி, ஆம்பியருக்கு அண்ணி, தன் ஒரே மகளை நடக்கவிட்டதே அதிசயம். பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளியில் ஓட்டமில்லை, கயிறு தாண்டுவதில்லை. மூன்றாம் மாடி வீடு. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, இருபது எண்ணி, பிறகுதான் ஏற வேண்டும். இப்போது அவளுக்கு இருபது வயது, வேலைக்குப் போகிறாள். இன்னும் நின்று எண்ணித்தான் ஏறுகிறாள். பெண் கேட்டு வந்த இரண்டு இடமும், அப்பா எப்படிப் போனார் என்று விசாரித்துவிட்டு, வந்த வழியே போய்விட்டன.

மூத்தவர் போன இடத்துக்கு ஆம்பியர் கொண்டுவந்து சேர்த்தது தன் தங்கை புருஷனை. நல்ல வேலைக்காரர். வாய்தான் நிற்காது. "மச்சான், உங்க கண்ணுல பூ விழுந்திருக்கப்போவுது, ஒழுங்கா பாத்துச் சொல்லுங்க. உங்க தங்கச்சி எனக்கு அப்புறம் வேற ஆள் பாக்கமாட்டா" என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் பின்னால் போவார்.

போன மாதமும் அப்படித்தான் போனார். மணி அடித்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எண் இறங்கி இறங்கி, திரை இருண்டது.

"கண் மூடியாச்சு மாப்ள" என்றார் ஆம்பியர்.

சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். குடித்துக்கொண்டே கண்ணாடி வழியாகக் கூடத்தைப் பார்த்தார். கூரையில் புழுதி இழுக்கும் விசிறி ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொருத்தியது, இதே பிரேக்கரில் ஓடுவது. அது சுற்றிக்கொண்டிருந்தது. பழைய வேகத்தில் சுற்றுகிறது, நின்றுவிடும் என்று நினைத்தார். பாட்டில் பாதியாயிற்று. விசிறியின் இறக்கையை எண்ண முடியவில்லை. ஓய்கிற விசிறி என்றால் இந்நேரம் எண்ணலாம்.

திரையைப் பார்த்தார். இருட்டு. விசிறியைப் பார்த்தார். ஓட்டம். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை. போர்மேன் அறைப்பக்கம் திரும்பினால், அந்த மனிதர் காதில் போனை வைத்துக்கொண்டு யாருக்கோ கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். சுவிட்ச் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

பிரேக்கரின் முகத்திலேயே ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அமுக்குவது தன் வேலையில்லை என்று ஆம்பியர் ஒருநாளும் தொட்டதில்லை. அன்றைக்குப் பாட்டிலைப் போட்டுவிட்டு, மொத்த உடம்பையும் உள்ளங்கையில் வைத்து அமுக்கினார். உள்ளே இரும்பு உதைத்தது. அந்த உதை முழங்கை வரை ஏறியது. திறந்த கதவை யாரும் திரும்பத் திறக்க முடியாது. இந்தப் பெட்டி உதைத்ததென்றால், அதுவரை மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். கூடத்தில் விசிறி தளர்ந்தது. இறக்கை நான்கு.

"மாப்ள."

"மாப்ள, ஒரு வார்த்தை பேசு."

கம்ப்ரசர் மட்டும் இரைந்தது. அலமாரியைச் சுற்றிக்கொண்டு போகப் பத்தடிதான். அந்தப் பத்தடியில் தங்கையின் முகமும் அவள் இரண்டு பிள்ளைகளின் முகமும் வந்து போயின என்று பின்னால் சொன்னார். கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாராம்.

மாப்பிள்ளை தரையில் குந்தியிருந்தார். வாயில் இரண்டு போல்ட்டைக் கவ்விக்கொண்டு, கீழே விழுந்த வாஷர் ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்தார். அலமாரிக் கதவு திறந்திருந்தது. ஸ்பேனர் மடியில் இருந்தது. போல்ட்டுகளை உமிழ்ந்துவிட்டு, "என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? அந்த வாஷர் மட்டும் விழலேன்னா இந்நேரம் பாதி முடிச்சிருப்பேன்" என்றார்.

ஆம்பியர் அந்த எண்ணெய்க் கையைப் பிடித்தவர் விடவில்லை. விஷயத்தைச் சொன்னதும், ஓயாத அந்த வாய் அன்று பொழுது சாயும் வரை திறக்கவில்லை.

மறுநாள் பிரேக்கரைப் பார்க்க ஒரு இன்ஜினியர் அம்மா வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். அந்தத் திரைக்கென்று தனியாக மின்சாரம் கிடையாது. கம்பியில் ஓடுகிற ஓட்டத்திலிருந்து ஒரு துளி எடுத்துக்கொண்டுதான் அது எரிகிறது. மெஷின்கள் நின்று ஓட்டம் குறைந்தால் அதற்கு இரை பத்தாது, இருண்டுவிடும். பிரேக்கர் திறந்திருந்தாலும் இருட்டுத்தான், மூடியிருந்து கம்பியில் மின்சாரம் இருந்தாலும், ஓட்டம் குறைவென்றால் இருட்டுத்தான்.

"ஓட்டம் எவ்வளவுன்னு சொல்றதுக்குத்தான் அது இருக்கு. மின்சாரம் இல்லேன்னு அது என்னைக்குமே சொல்லல. நீங்களா சொல்லிக்கிட்டீங்க. தூங்குறவன செத்தவன்னு நெனச்சா எப்படிங்கய்யா? டெஸ்டர் வச்சுப் பாத்தீங்களா ஒரு தடவையாவது?"

போர்மேன் தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் பத்து விரலையும் பார்த்தார். ஆம்பியர் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது வேறு. அன்றைக்கும் மெஷின் நின்ற பிறகுதான். அன்றைக்கும் கம்ப்ரசர் இரைந்தது. அன்றைக்கும் போர்மேன் அமுக்கினார்தான். எப்போது அமுக்கினார், மூத்தவர் கையை உள்ளே விடும் முன்னாலா, பின்னாலா? விரல் நுனியில் கறுப்பு. மூத்தவருக்கு நெஞ்சில் ஒன்றுமே இல்லை. கண் மூடியாச்சு என்று இந்த வாய்தான் சொன்னது.

அந்த எண்ணம் வந்ததும் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்காரப்போய், நாற்காலிக்கு அரையடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணி வீட்டுப் படி ஏறினார். மனைவி தடுத்துப் பார்த்தாள். பதினோரு வருஷம் ஆறிய புண்ணைக் கீறுவானேன், போன உயிர் திரும்பவா போகிறது என்றாள். "போன உயிருக்காக இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காருங்க தம்பி என்றாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். திரை, இரை, விசிறி, பொத்தான், உதை. கடைசியில், "அண்ணனுக்கு நெஞ்சுல ஒண்ணுமில்ல அண்ணி. ஷாக்குதான். மின்சாரம் இருக்கும்போது இல்லேன்னு சொன்னது நான்" என்றார்.

அண்ணி கையில் ஒரு துண்டு பாதி மடித்தபடி இருந்தது. அதை மடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. வைவாள் என்று எதிர்பார்த்தார். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நெஞ்சுல ஒண்ணுமில்லேன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"பிரேக்கர் உதைச்சது இந்தக் கையிலதான் அண்ணி. விரல்ல கறுப்ப நீங்களும் பாத்தீங்க."

அவள் தலையை ஆட்டினாளா இல்லையா என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் கீழே கதவுச் சத்தம் கேட்டது. வேலை முடிந்து பெண் வருகிறாள். செருப்புச் சத்தம் முதல் மாடித் திருப்பம் வரை வந்தது. நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் எண்ணுவது மேலே வரை மெல்லக் கேட்டது. ஒன்பது வயதில் பழகிய எண்ணிக்கை.

அண்ணி துண்டோடு எழுந்து போய்ப் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஆம்பியர் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன்டி அங்கயே நிக்கிற?"

கீழே எண்ணிக்கை நின்றது. "எண்ணிட்டிருக்கேம்மா. பதினொண்ணுதான் ஆச்சு."

"எண்ணாத" என்றாள் அண்ணி. "ஓடி வா."

கீழே செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.