அஞ்சு மணிக்கு வர வேண்டிய தண்ணி

எனக்குப் படிப்பு வாசனையே கெடையாது. நான் சொல்லச் சொல்ல எம் மருமவதான் எழுதிகினு கீறா. அவளப் பத்தி வர்ற எடத்த அழிக்கக் கூடாதுன்னு கண்டிசனா சொல்லிட்டேன்.

பாரிவாக்கத்துல எங்க நெலம் பாதி பிளாட்டாயிடுச்சி. மிச்சத்துல அரக்கீரை, சிறுகீரை போட்டுக்கீறேன். மருமவளுக்கு திருமழிசையில ஒரு சின்ன கம்பெனில கம்ப்யூட்டர் வேல. நேரம் பாத்து தானா மோட்டாரு போடுற பொட்டி ஒண்ணு செய்யச் சொன்னாங்களாம். உள்ளங்கையில அடங்கிடும். அதுக்குள்ள லினக்ஸ் ஓடுதாம், அதுமேல பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷையும் வெக்கணுமாம். முழுசா வெச்சா எடம் பத்தல, அதனால வேணாதத எல்லாம் உருவிப் போட்டுட்டா. நல்லதுதான? திருத்தணிக்குப் போவ சொல்ல ஊட்டையேவா தூக்கிகினு போறோம்? ஒருக்கா நான் பை கனமா கீதுன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டு, மொட்ட போட வேண்டிய கொழந்தைக்கு மாத்துத் துணியே எடுக்காம மலையேறிட்டேன். அந்தக் கூத்தச் சொன்னா பொழுது போயிடும்.

வெள்ளிக்கெழம பொட்டி சரியா ஓடிக் காட்டணும், இல்லன்னா வேலைய வேற ஆளு கைல குடுத்துடுவாங்க. அதான் எம் மோட்டார்ல மாட்டிப் பாத்தா. செவ்வாக்கெழம விடிகாலைல அஞ்சு மணிக்குத் தண்ணி வரணும். வரல. மூஞ்சி சுண்டிப் போயி வேலைக்குப் போனா. அப்புறம் நான் களை புடுங்கிகினு கீறேன், சுள்ளுனு வெயில்ல மோட்டாரு தானா ஓடுது! சாயங்காலம் சொன்னதுக்கு, ஒயரு லூசா இருக்கும்னா. புதன்கெழமயும் அதே கததான்.

அன்னிக்கி சாயங்காலம் அவளப் புடிச்சி உக்கார வெச்சேன்.

"அதுக்குக் கோளாறு இல்லடி. பக்கத்து பிளாட்டு கொத்தனாருங்க டீக்கு எறங்குறாங்க பாரு, ரெண்டு நாளும் கரீட்டா அப்பதான் ஓடிச்சி. நேரம் தவறல. அது வேற எந்த ஊரு விடியலுக்கோ எழுந்துக்குது."

வெரல்ல எண்ணிப் பாத்தா. அப்புறம் சிரிச்சிட்டா.

"அத்தே, டீ பத்தரைக்கு. அஞ்சரை மணி வித்தியாசம். நம்மூரு நேரம் இருந்த ஃபைலயும் சேத்து எறிஞ்சிட்டேன். அது லண்டன் நேரத்துல ஓடிகினு கீது."

கடுகளவு ஃபைலாம் அது. திருப்பி வெச்சா.

வியாழக்கெழம விடியல்ல ரெண்டு பேரும் வரப்புல நின்னோம். அஞ்சுக்கு மோட்டாரு உறுமிச்சி. தண்ணி வந்து என் காலத் தொட்டுது, சில்லுனு.

வெள்ளிக்கெழம பொட்டியக் கொண்டும் போனா, ஓட்டியும் காட்டிட்டா. வேல அவளுதுதான். வந்ததும் வாசல்லயே நின்னு கேக்குறா:

"அத்தே, அடுத்த பொட்டியும் உன் பாத்திலயே மாட்டட்டா?"

மாட்டுடின்னேன். கொத்தனாருங்க இன்னும் ரெண்டு மாடி கட்டணும், டீக்கு எறங்கிகினுதான் இருப்பாங்க.