பென்சிலில் எழுதியது மட்டும்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலி முடிந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வழக்கமான புகழுரையைத் தேட வேண்டாம். அண்ணன் எல்லோரையும் அன்போடு நேசித்தார் என்று எழுதினால் அவரே குழியிலிருந்து எழுந்து வந்து ஏசுவார்.

மாட்டுப்பட்டிக்கு மேலே உள்ள தேயிலை எஸ்டேட்டில், வரிசை வீடுகளான லயத்தில்தான் நாங்கள் இருவரும் பிறந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். அவர் நெஞ்சு நோயில் படுத்ததும் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனார். தேயிலை உலர்த்தும் டிரையர் பகுதியில் வேலை. அந்தச் சூட்டில் நின்றுதான் அம்மாவைக் கரையேற்றினார், என்னைப் படிக்க வைத்தார், பாலக்காட்டுக்குக் கிழக்கே வடகரப்பதியில் கட்டிக் கொடுத்தார். அவருக்குக் குழந்தை இல்லை. அண்ணியும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

டிரையரில் சூட்டின் அளவைப் பென்சிலால்தான் குறித்து வைப்பார்கள். வியர்த்த கை பட்டால் பேனா எழுத்து இழுகிவிடும். அந்தப் பழக்கத்தில் அண்ணன் தம் டைரியையும் பென்சிலால்தான் எழுதினார். நான் ஒரு மைப்பேனா வாங்கிக் கொடுத்திருந்தேன். அதை ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து வந்த பிறகு மட்டும் திறப்பார். "நல்ல பேனாவ வச்சு வெசவு எழுதப்படாதுட்டி" என்பார். வாரநாள் கோபத்துக்குப் பென்சில், ஞாயிற்றுக்கிழமைக்குப் பேனா.

ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்து, எஸ்டேட் கணக்கரான ரைட்டரிடம் சாவியைக் கொடுக்க வேண்டும். எஸ்டேட்டில் பிறந்து எஸ்டேட்டிலேயே உழைத்தவருக்கு வெளியே ஒரு சாண் மண் கிடையாது. உடன் வேலை பார்த்த சூசை அண்ணாச்சி, அதே லயத்தில் தம் வீட்டுப் பின்கட்டை ஒழித்துக் கொடுத்தார். அது இரவல் இடம் என்ற நினைப்பு அண்ணனை அரித்தது. காந்தலூரில் தோட்டம் வைத்திருக்கும் எங்கள் மாமாவிடம், காவல் கொட்டகையில் இருந்துகொள்கிறேன் என்று கேட்டார். "பாப்போம்டே, இந்தக் காரட் எடுப்பு முடியட்டும்" என்றார் மாமா. நான் என் கணவரின் அண்ணனிடம், தென்னந்தோப்பில் மோட்டார் அறையை ஒட்டிச் சும்மா கிடந்த அறையைக் கேட்டேன். "பாக்கலாமுங்க அம்மிணி, தேங்கா வெட்டு முடியட்டுமுங்க" என்றார் அவர். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எங்கள் சொந்தத்தில் சதை ஆடுவதற்கும் அறுவடை முடிய வேண்டியிருந்தது.

கடைசியில் மழைக்காலத்தில் அந்த அறையின் சாவி என் கைக்கு வந்தது. அண்ணனுக்கு ஃபோன் செய்து, வந்து அழைத்துக்கொண்டு போகிறேன், துணிமணியைக் கட்டி வையுங்கள் என்றேன். சொன்ன நாளில் புறப்பட்டேன். மூணாறைத் தாண்டி மாட்டுப்பட்டி சேர்வதற்குள் சாலையில் மரமும் மண்ணும் கிடந்தன. போலீஸார் ஜீப்பைத் திருப்பிவிட்டார்கள். டவர் இல்லாததால் ஃபோனும் போகவில்லை. மூணாறில் தெரிந்தவர் வீட்டில் தங்கினேன். அன்று இரவே லயத்தின் மேல் மலை சரிந்து இறங்கியது. பக்கத்து நிவாரண முகாமில் சோறு பொங்கப் போயிருந்த சூசை அண்ணாச்சியும் அவர் வீட்டாரும் தப்பினார்கள். அண்ணன், நான் வருவேன் என்று வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

உடலை எடுத்து அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு ஓடைச் சேற்றில் அண்ணனின் தகரப்பெட்டியைச் சூசை அண்ணாச்சி கண்டெடுத்தார். உள்ளே டைரி கொழகொழவென்று இருந்தது. அவரும் டிரையர்காரர். ஈரம் என்றால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் டிரையர் வாயில் வைத்துவிட்டார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிட்டன. "பாவி நா, கொழுந்துன்னு நெனச்சுட்டேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அவரைக் கோபிக்கவில்லை. சேற்றில் இறங்கித் தேடியவர் அவர் ஒருவர்தான்.

அந்தச் செங்கல்லைத் துணியில் சுற்றிப் பாலக்காட்டுக் கல்பாத்திக்கு எடுத்துப் போனேன். நூலகம் ஒன்றில் பழைய தாள்களைச் செப்பனிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மையார் அங்கே இருக்கிறார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாதே. விண்கலம் ஒண்ணு வானத்துலேயே ஒடைஞ்சு, அதுலே போனவரோட டைரித் தாள் வயல்லே விழுந்து கெடந்துதாம். மழையும் வெயிலும் தின்னது போக மிச்சத்தைப் பிரிச்சு வாசிச்சிருக்கா. இது மண்ணுதானே, பார்க்கலாம்."

வானத்திலிருந்து விழுந்தவரின் தாளைப் பொறுக்க ஒரு நாடே இறங்கியிருக்கும். எங்கள் அண்ணனுக்கு ஒரு டிரையர்காரரும் இந்த அம்மையாரும்தான் இருந்தார்கள்.

தாளுக்கு மெல்ல மெல்ல ஈரம் காட்டி, மூங்கில் சீவலால் ஒவ்வொன்றாகப் பிரித்து, கிழிந்ததன் முதுகில் மெல்லிய தாள் ஒட்டினார். கிறிஸ்துமஸ் கழிந்துதான் முடிந்தது. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. பேனாவால் எழுதிய பக்கங்களில் நீலக் கறை மட்டுமே மிஞ்சியது. அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கரைந்துபோயின. கிடைத்தவை அத்தனையும் வாரநாள் கோபம்.

"ரைட்டர் வந்து சாவி கேக்கான். கதவே இத்துப்போன வீட்டுக்கு என்ன சாவி." "மாமா போனை எடுக்கல. காரட்டுக்கு மருந்து அடிக்காராம். எனக்கும் ரெண்டு சொட்டு ஊத்தச் சொல்லணும்." இப்படியே போகிறது.

மலர் அச்சிடும் பொறுப்பைத் தாமாக ஏற்றுக்கொண்ட மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. உயிரோடு இருந்தவருக்குக் கொட்டகை இல்லை, செத்தவருக்கு வழவழப்பான தாளில் மலர் தயாராக இருந்தது.

"ஏட்டி, செத்தவன் ஏசுனத எவளாவது அச்சுல போடுவாளா? அழிஞ்ச பக்கத்துல நல்லதா நாலு வரி நம்மளே எழுதிப் போட்ருவோம். எவனுக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா மாமா" என்றேன். மலரின் பொறுப்பை அன்றே அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். பின்பக்கங்களில் இருப்பவை அண்ணன் எழுதியவை. ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

கடைசிப் பக்கமும் பென்சில்தான். மலை இறங்கிய அன்று சாயங்காலம் எழுதியிருக்கிறார். "தங்கச்சி இன்னைக்கு வாறேன்னா. துணியக் கட்டி வச்சுட்டு வாசல்லயே இருந்தேன். வரல. அவளும் மத்தவங்க மாதிரிதான்."

அதைப் படித்த அன்று நான் சோறு உண்ணவில்லை. மனம் எரிந்தது. இன்றும் எரிகிறது. என் கணவர் படித்துவிட்டு, "இத மட்டும் வுட்டுரு. நீ போனது நமக்குத் தெரியும், படிக்கறவீங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். எனக்கும் ஆசை வந்தது. கல்பாத்திக்குப் போய், அந்த வரியை எடுத்துவிடலாமா, இல்லை பக்கத்தில் ஒரு குறிப்பாவது எழுதலாமா என்று கேட்டேன். அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இல்லாததை எழுதப்படாது. இருக்கறதை அழிக்கவும் படாது. நோக்குப் பதில் சொல்லணும்னா வேறே தாள்லே சொல்லிக்கோ."

சேற்றில் இறங்கிய சூசை அண்ணாச்சிக்கும், பின்கட்டை ஒழித்துத் தந்த அவர் வீட்டாருக்கும், கண் வலிக்கத் தாள் பிரித்த கல்பாத்தி அம்மையாருக்கும், மழையில் நின்று குழி தோண்டிய எஸ்டேட் மக்களுக்கும் எங்கள் நன்றி. தங்கள் பெயர் இங்கே இல்லையே என்று தேடுகிறவர்கள் பின்பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம். அங்கே இருக்கும்.

அந்த அம்மையார் சொன்ன வேறு தாள் இதுதான். இத்தனையும் ஒரே ஒரு வரிக்காகத்தான் எழுதினேன்.

நா வந்தேம்ண்ணே. மாட்டுப்பட்டிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்தேன்.

தங்கை,
வடகரப்பதி.