சரோஜா தட்டிப் பார்த்த சுவர்

வேப்பூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோதுதான் போன் வந்தது. நம் பீங்கான் யூனிட்டில் தரம் பிரிக்கும் மேசையில் பதினைந்து வருடம் உட்கார்ந்திருந்த சரோஜா காலமாகிவிட்டார். காய்ச்சல் என்று படுத்தவர், மூன்றே நாளில் போய்விட்டார். பஸ்ஸில் டிக்கெட் எடுக்க மறந்து கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவர் வேலையை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃபியூஸ் கட்டையை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். சத்தத்தைக் கேட்டு நல்லதை ஒரு பக்கமும் கழிவை ஒரு பக்கமும் வைப்பார். "முழுசா இருக்கறது கணீர்னு சொல்லிடும். வெடிப்பு வுட்டதுதான் மழுப்பும்" என்பார். மேனேஜர் பேசும்போதும், கட்டையைத் தட்டிக் கேட்கிற அதே முகத்தோடுதான் கேட்டுக்கொண்டிருப்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் ஒரு தட்டை டிவி வாங்கினேன். ஹாலின் நடுச்சுவரில்தான் மாட்ட வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. அன்று மங்களூரிலிருந்து மாமனார் வந்திருந்தார். மெக்கானிக் டிரில்லோடு நின்றார். புது டிவியைப் பார்க்க வந்த சரோஜா, கை சும்மா இருக்காமல் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்குத் தெரியும். அங்கே ஓர் அலமாரிக் குழி இருந்தது. மனைவி பிரசவத்துக்குப் போயிருந்தபோது, கொத்தனாரை வைத்துச் செங்கல்லால் அடைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தேன். உண்மையில், காசை மிச்சம் பிடிக்க, யூனிட்டில் கழித்த கட்டைகளை இரண்டு மூட்டை கொட்டி, மேலே மெல்லிசாகச் சிமென்ட் பூசியது நான்தான். அந்த மூட்டைகளைச் சைக்கிளில் ஏற்றக் கைகொடுத்தவரே சரோஜாதான். நீளமான ஸ்க்ரூ போட்டால் நின்றுவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மாமனார் எதிரில் வாய் திறக்க வெட்கம். அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் எங்கள் எட்டு மாதக் குழந்தையின் பாய் கிடந்தது.

"இந்தச் செவுரு வேணாங்கண்ணா. எனக்கு மனசுக்குச் சரியாப் படல" என்றார் சரோஜா. காரணம் எதுவும் சொல்லவில்லை.

பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்து அங்கே மாட்டச் சொன்னார். சுவிட்சுக்கு நேர் மேலே வயர் ஓடும், அங்கே துளை போட வேண்டாம் என்றும் சொன்னார். மெக்கானிக் பிராக்கெட்டை முடுக்கியதும், அதை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியே பார்த்துவிட்டார். மாமனார் சிரித்தார். என் மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசிவிட்டார் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

மறுநாள் யூனிட்டில், தலை நிமிராமலே சரோஜா சொன்னார்: "கொழந்த கீழ படுக்குதுங்கண்ணா. அந்தச் செவுத்துல காலண்டர் ஆணிகூட அடிக்காதீங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

கடைசிவரை சொல்லவும் இல்லை. என் மகள் இப்போது எல்.கே.ஜி. போகிறாள். அவள் தலையில் எதுவும் விழாமல் இருந்ததற்கு நான் அந்த அம்மாவுக்குக் கடமைப்பட்டவன். அதை ஒரு தடவைகூட அவரிடம் சொல்லவில்லை.

நேற்று சாவு வீட்டிலிருந்து வந்து குளித்ததும், மனைவியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தச் சுவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அதுக்கப்புறம் அவங்க நம்ம வூட்டுப் பக்கம் வரவே இல்லையே" என்றாள்.

எனக்காக அவர் சுமந்த கெட்ட பெயரை, இனி நான் வைத்துக்கொள்கிறேன்.