தூணும் தரையும் கலந்த ஒரு நொடி

1. திருப்போரூர் கோயிலில் அக்கா மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம்.
2. மஸ்கட்டில் வேலை பார்க்கும் அவள் அப்பா, என் மாமா, வர முடியவில்லை.
3. நானும் அம்மாவும் ஆளுக்கொரு போனில் படம் பிடித்தோம்.
4. நான் அதை எடிட் செய்து அனுப்பினேன்.
5. பார்த்த உடனே மாமா கூப்பிட்டார்.

"ஏம்மா, புள்ள உங்க அண்ணன் மடியில குந்திகினு கீது. அடுத்தாப்ல கம்மலோட அழுவுது. நடுவுல இன்னா ஆச்சு? தூணு மாதிரி ஏதோ மங்கலா தெரியுதே?"

"அது டிசால்வ் மாமா. ஒரு காட்சி மறைய மறைய இன்னொண்ணு வரும்."

"அது கெடக்கட்டும். குத்துனத காட்டும்மா. நான் அத்தத்தான் பாக்கணும்."

காட்ட ஒன்றுமில்லை. காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்ததும் எங்கள் குடும்பம் மொத்தமும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முகத்தோடு போனும் திரும்பியது. என்னுடையதில் மண்டபத்துத் தூண். அம்மாவுடையதில் சந்தனம் சிந்திய தரை. இரண்டையும் வெட்டிவிட்டு, இடைவெளி தெரியாமலிருக்க டிசால்வ் போட்டேன். ஆனால் டிசால்வுக்கு இரண்டு காட்சியும் சிறிது நேரம் சேர்ந்து ஓட வேண்டும். அந்த நேரத்தை, வெட்டி ஒதுக்கிய பகுதியிலிருந்துதான் அது எடுத்துக்கொள்ளும். மாமா கண்டுபிடித்த தூண் அப்படி வந்தது.

வெட்டியதை மறுபடி இழுத்து நீட்டினேன். எடிட்டிங்கில் காட்சிகளை டிராக் டிராக்காக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம்; மேல் டிராக்கில் இருக்கும் படம் கீழே இருப்பதை மறைத்துவிடும். ஒலி அப்படியில்லை; எல்லா டிராக்கும் ஒன்றாகவே கேட்கும். நான்தான் நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் மியூட் செய்திருந்தேன். அம்மா எடுத்ததில் மியூட்டை நீக்கியதும் குழந்தையின் அலறல் கேட்டது.

"எங்கப்பாகிட்ட சொல்லிருவேன்! எல்லாரையும் சொல்லிருவேன்!"

"சொல்லு கண்ணு, என்னிய மட்டும் வுட்டுடு" என்கிறான் அண்ணன்.

அக்காவும் நானும் சிரித்தோம். பிறகு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படத்தில் வெறும் தரைதானே தெரிகிறது, மேல் டிராக்கில் குழந்தையின் போட்டோ ஒன்றை வைத்து மூடட்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் வாணாம். தரையே தெரியட்டும். நாமளும் பாக்கலன்னு அவருக்குத் தெரியட்டுமே."

அனுப்பினோம். மாமாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. முதலில் சிரிப்பு. கடைசியில், "என்கிட்டதான் சொல்லுவேன்னாளா? இது போதும்மா."

அவர் கேட்காமல் இருந்திருந்தால் அந்தக் குரல் மியூட்டிலேயே கிடந்திருக்கும். கேட்டதற்கு அவருக்கும், முகத்தைத் திருப்பியும் பதிவை நிறுத்தாத அம்மாவுக்கும் நன்றி சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை. "நிறுத்த எங்க அமுக்கணும்னே எனக்குத் தெரியாதுடி" என்றாள்.

இப்போது மாமாவிடம் இருப்பது இரண்டாவது பிரதி. ஊசி குத்தும் இடத்தில் நாதஸ்வரம் நின்றுவிடும். தரையும் குரலும் மட்டும் இருக்கும். முதல் பிரதியை எல்லோரும் அழித்துவிட்டோம்.