இடது பக்கம் பாக்கி

கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினெட்டு வருஷம் போன் எடுத்தவளை அங்கே எல்லோரும் 'வருந்துகிறோம் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பார்சல் நசுங்கினாலும் சரி, நனைந்தாலும் சரி, "வருந்துகிறோம்" என்று சொல்லலாம். "தப்பு எங்களுடையது" என்று மட்டும் சொல்லக் கூடாது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் அச்சடித்தே வைத்திருந்தார்கள். அந்தப் பாடத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள் என்பது கணவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

பிரிவை இழுத்து மூடிய பிறகு, நாற்பத்தேழு வயதில், யோகா ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள். சான்றிதழோடு வந்தால் காலை வகுப்பைத் தருவதாக ஓர் உடற்பயிற்சிக் கூடம் சொல்லியிருந்தது. உடம்பு வளைந்தது. குரலும் தோதாக இருந்தது. கோபக்காரர்களைப் பேசிப் பேசியே தணித்த குரல். கோளாறு ஒன்றே ஒன்றுதான்: ஓர் ஆசனத்தை வலது பக்கம் செய்ய வைத்துவிட்டு இடது பக்கத்தை மறந்துவிடுவாள். புது ஆசிரியர்களுக்கு வருவதுதான். இவளுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வந்தது.

வீட்டில் பழகிப் பார்க்க அகப்பட்டவர், பஸ் ஓட்டுநரான கணவர். ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவரைக் கால் அகட்டி நிற்க வைத்து வலப்பக்கம் சாய்த்தாள், நிமிர்த்தினாள், படுக்கச் சொல்லிவிட்டாள்.

"இடது பக்கம்?" என்றார்.

"பண்ணியாச்சு. நீங்கதான் கவனிக்கல."

"ஒரு பக்கம்தான் இழுத்துப் பிடிச்சிருக்கு."

"அசௌகரியத்துக்கு வருந்துறேன். கண்ண மூடுங்க."

அவர் வாயையும் சேர்த்து மூடிக்கொண்டார்.

முதல் தேர்விலும் அதேதான் நடந்தது. நடுவில் நினைவு வந்தும், ஒன்றும் நடக்காத மாதிரி முடித்தாள்.

"மறந்தது பெரிசில்லம்மா," என்றார் தேர்வாளர் அம்மாள். "மறைச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் பெயில். இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு, அதோட சரி."

இரண்டாவது தேர்வில் அவள் வகுப்பெடுத்துக் காட்டப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. கடைசி ஓய்வுக்கு அவர்களைப் படுக்க வைத்து, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தளரட்டும்" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. இடது பக்கம் சாயவே வைக்கவில்லை.

நேரம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. பன்னிரண்டு பேர் கண்ணும் மூடியிருந்தது. தேர்வாளர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பேசாமல் விட்டிருந்தால் அவர்கூடக் கவனித்திருக்க மாட்டாரோ என்னவோ. மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த காகிதம் நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

"எல்லாரும் எழுந்திருங்க," என்றாள். "இடது பக்கத்த மறந்துட்டேன். தப்பு என்னுது."

யாரோ சிரித்தார்கள். முனகிக்கொண்டே எழுந்து இடப்பக்கம் சாய்ந்தார்கள். நேரம் ஆறு நிமிடம் தாண்டியது. அதற்கு மதிப்பெண் போயிற்று. போனது போகத் தேறிவிட்டாள்.

வீட்டில் கணவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சீருடைச் சட்டையின் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். சான்றிதழைப் பார்த்து, நிஜமாகவே சந்தோஷப்பட்டு, இரண்டு தடவை படித்தார். அதை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"அன்னிக்கு, அந்தச் செவ்வாக்கிழமை, நீங்க சொன்னதுதான் சரி. உங்க இடது பக்கத்த நான் பண்ண வைக்கல. எனக்கு அப்பவே தெரியும்."

கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவர் கேட்டிராத பேச்சு. பாயை எடுத்து விரித்து, காலை அகட்டி நின்றார்.