மைக்கக்கா வாயை மூடவில்லை

அந்தப் பேருந்து நிலையத்தில் அவள் முகத்தைத் தெரிந்தவர்கள் சொற்பம். குரலைத் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், பெஞ்சில் தூங்குகிறவன்கூட ஒரு கண்ணைத் திறந்து தன் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். டிரைவர், கண்டக்டரிலிருந்து கழிவறை வாசலில் காசு வாங்குகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் மைக்கக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் "அப்படி இங்க யாரும் இல்லையே" என்றுதான் பதில் வரும்.

அத்தனை சாந்தமான குரல். கேட்கிறவர்கள், இந்தப் பெண்ணுக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். சுத்தப் பொய். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் அவள். மைக்குக்கு அடியில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் தேன், விட்டால் தேள். மேடையை மறித்து வண்டியை நிறுத்துகிற டிரைவரையும் தப்பான நேரத்தைச் சொல்லி அனுப்புகிற டைம்கீப்பரையும் அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கிழி கிழி என்று கிழிப்பாள். பிறகு பொத்தானை அழுத்தி, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." வேலைக்குச் சேர்ந்த அன்று நிலைய அதிகாரி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "குரல்ல உப்பும் இருக்கக் கூடாது, உறைப்பும் இருக்கக் கூடாதும்மா." அதை அவள் மீறியதே இல்லை.

வீட்டில் இரண்டு வயது நிரம்பிய பெண் குழந்தை. வாண்டு என்று கூப்பிடுவார்கள். பகலில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள் மகனோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். வேறு வழியில்லாமல் மைக்கக்கா குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டே வேலைக்கு வந்தாள். மூலையில் துண்டை விரித்து, நாலு பிளாஸ்டிக் டப்பாக்களைக் கொடுத்து உட்கார வைத்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அவள் ஒரு விரைவு வண்டியை அறிவித்துக்கொண்டிருக்கையில் வாண்டு நாற்காலி வழியாக மேசைமேல் ஏறி, மைக்கில் வாயை ஒட்ட வைத்து, "அம்மா, மூச்சா" என்றது. நிலையம் முழுக்கச் சிரித்தது. நிலைய அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "இனிமே புள்ளைய நான் இங்க பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கணவனுக்குச் சொந்தமாக ஒரு கடை இருந்தது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர். முதலாளியும் அவன்தான், தொழிலாளியும் அவன்தான். கடைக்குப் பின்னால் ஃபேன் போட்ட ஓர் அறைகூட உண்டு. மத்தியானம் அவன் குட்டித் தூக்கம் போடுவது அங்கேதான்.

"வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் வாண்டு அங்க இருக்கட்டுமே" என்று கேட்டாள்.

"கடைன்னா நாலு பேர் வருவாங்க, போவாங்க. ஸ்க்ரூ, வயர் எல்லாம் இறைஞ்சு கெடக்கும். சின்னப் புள்ளைய வச்சுக்கிட்டு வேலை பாக்க முடியுமா? விளையாடறியா?"

அவன் பார்ப்பது வேலை. அவள் பார்ப்பது விளையாட்டு. ஸ்க்ரூவைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடிவைக்கலாம் என்பது அந்த மெக்கானிக்குக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கே தன் அக்காவுக்குப் போன் போட்டான். மைக்கக்கா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாம் முடிவாகியிருந்தது. ஸ்கூலில் சேர்க்கிற வயது வரும்வரை வாண்டு அத்தை வீட்டில் வளரும். கடலோர நகரம், பஸ்ஸில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் போய்ச் சேர முடியும்.

"பெரிய வீடு, பாத்துக்க ஆளு இருக்கு. மாசத்துக்கு ஒருதடவை நீ போய்ப் பாத்துட்டு வா" என்றான். "புடிக்கலையா, வேலைய விட்டுடு. நான் என்ன உன்னைக் கட்டியா போட்டிருக்கேன்?"

நாத்தனார் தன் பங்குக்குப் போனில், "பெத்தவளுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா தங்கம்? மனசத் தேத்திக்கோ" என்றாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான். "எனக்கு நீங்க ஆறுதல் சொல்ல வேணாம் அண்ணி" என்று போனை வைத்தாள்.

வேலையை அவளால் விட முடியாது. கல்யாணத்துக்கு முன்பே, யார் சிபாரிசும் இல்லாமல், அவளே தேடிக்கொண்ட வேலை. தன்னுடையது என்று அவள் மார்தட்டிச் சொல்லக்கூடியது அதுவும் வாண்டும்தான். அந்த இரண்டில் ஒன்றை விடு என்கிறான் ஒருவன். அவனோ எதையும் விட வேண்டியதில்லை. சண்டை போட்டாள், கெஞ்சினாள், சாப்பிடாமல் கிடந்தாள், மறுபடி சண்டை போட்டாள். கடைசியில் ஒரு நாள் அலுத்துப்போய், "என்னமோ பண்ணுங்க" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவன் தனக்கும் வாண்டுக்குமாக இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டான்.

குழந்தையோடு பஸ்ஸில் போவது என்றால் என்னவென்று அந்த மனிதனுக்குத் தெரியுமா? இதற்கு முன் அதே அக்கா வீட்டுக்கு மூன்று பேருமாகப் போயிருக்கிறார்கள். அவன் நாலு சீட் முன்னால் ஜன்னலோரத்தைப் பிடித்து, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, யாரோ எவரோ மாதிரி வந்தான். வாண்டு முன் சீட்டுக்காரரின் வழுக்கையில் தாளம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டது அவள். ஆடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்தபடி, தோளில் குழந்தையோடு முன்னும் பின்னும் நடந்தது அவள். வாந்தியைக் கையில் ஏந்தியதும் அவள்தான். இறங்கியதும் அவன் சோம்பல் முறித்துக்கொண்டே, "பரவால்லையே, புள்ள சமத்தா வந்துடுச்சே" என்றான். அந்த வார்த்தைக்கு அவள் இன்னும் அவனை மன்னிக்கவில்லை.

அதனால் இந்தத் தடவை அவள் பை கட்டித் தரவில்லை. "கூட்டிட்டுப் போறவங்களே கட்டிக்கட்டும்" என்று இருந்துவிட்டாள். காலையில் வாண்டுக்கு மஞ்சள் சட்டையை மாட்டிவிட்டு, தலை வாரிவிட்டு, கன்னத்தில் முகத்தை ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டு வேலைக்கு வந்தாள். லீவு கேட்டிருக்கலாம். "நீ வராத. உன்னைப் பாத்தா அது ஏறாது" என்று அவன் முன்கூட்டியே சொல்லியிருந்தான்.

கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் முதல் மூன்று மேடைகள்தான் தெரியும். கடலோர நகரத்து வண்டி நிற்பது ஒன்பதில். டைம்கீப்பர் சொல்லி அனுப்பியதும் அவள் பொத்தானை அழுத்தினாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கடலோர நகருக்குச் செல்லும் விரைவுப் பேருந்து ஒன்பதாவது மேடையில் தயாராக உள்ளது." தன் குழந்தையை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியைத் தன் வாயாலேயே அறிவித்தாள். விரலை எடுத்ததும் கண்ணை ஒருதடவை அழுத்தித் துடைத்தாள். அழுகை என்று நினைத்துவிட வேண்டாம். கோபம்.

போன் அடித்தது. அவன்தான்.

"ஏய், நீ கொஞ்ச நேரம் பேசாம இரு."

"என்னது?"

"நீ மைக்ல பேசினா இது ஸ்பீக்கரப் பாத்து அம்மா அம்மான்னு கத்துது. வாசல் கம்பியப் புடிச்சுக்கிட்டு ஏற மாட்டேங்குது. வழில பசிக்குமேன்னு பாட்டில் நிறைய பால் குடுத்தேன், அத்தனையும் என் சட்டைலயே கக்கிடுச்சு. வண்டி கெளம்பற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு, போதும். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் பேசிக்கோ."

பஸ் ஏறுகிற பிள்ளைக்கு வயிறு முட்டப் பால் கொடுத்திருக்கிறான் என்பதற்கே அவளுக்குத் தலை கொதித்தது. ஆனால் அது சின்ன விஷயம். பிள்ளையைப் பிரிக்கிறான், பிரிப்பதற்கு அவளையே ஒத்தாசை செய்யச் சொல்கிறான். அடிமடியில் கை வைத்ததும் போதாமல், முடிச்சையும் நீயே அவிழ்த்துக் கொடு என்கிறான். அவள் பேசாமல் இருந்தால் குழந்தை அழுகையை நிறுத்தும், அம்மா இல்லை என்று நினைத்துக்கொள்ளும், ஏறிவிடும். அவ்வளவுதான் அவன் கேட்பது.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

பேசினாள். முதல் மேடையில் நிற்கிற வண்டி எங்கே போகிறது என்று சொன்னாள். இரண்டாவது, மூன்றாவது, கடைசி மேடை வரை சொன்னாள். குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது, கழிவறை எந்தப் பக்கம், உடைமைகளை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது, ஓடும் வண்டியில் ஏறினால் என்ன ஆகும், எல்லாம் சொன்னாள். எச்சில் துப்புகிறவர்களைக் கண்டித்தாள். முடிந்ததும் மறுபடி முதல் மேடையிலிருந்து ஆரம்பித்தாள். கனிவுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. கவிழ்த்து வைத்த போன் மேசையில் துடித்துத் துடித்து ஓரத்துக்கு வந்து கீழே விழுந்தது. அவள் குனியவில்லை.

மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தியபோது, மேடைகளைத் தாண்டி அந்தக் கத்தல் வந்தது. "அம்மா!" கூடவே டிரைவர் பொறுமையிழந்து அடிக்கிற ஹாரன். எதைப் பேசினாலும் இனி அவன் குழந்தையை அள்ளித் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டு போய்விடுவான் என்று தெரிந்தது. வேலை போனால் போகட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஒன்பதாவது மேடையில், மஞ்சள் சட்டை அணிந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. இடது காலில் செருப்பு இருக்காது. குழந்தையின் தாய் அறிவிப்பு அறையில் காத்திருக்கிறார். குழந்தையை வைத்திருப்பவர், உடனடியாகக் கொண்டுவந்து தாயிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

பஸ்ஸைக் கண்டதும் வாண்டு இடது செருப்பை உதறிவிடும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அந்த ஒரு செருப்பு போதுமாக இருந்தது. ஒன்பதாவது மேடையில் அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பியது.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்வலமே வந்தது. முன்னால் ஒன்பதாம் மேடை கண்டக்டர். அவர் பிடியில் அவள் கணவனின் சட்டைக் காலர். பின்னால் பயணிகள்.

"நான் அப்பாங்க! என் பொண்ணுங்க!" என்று அவன் தொண்டை கிழியக் கத்தினான்.

"மாட்டிக்கிட்டா எவனும் அதத்தான் சொல்லுவான். நட" என்றார் கண்டக்டர்.

கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் கேட்டாள்: "பெத்த அப்பன்கிட்ட ஒரு புள்ள இந்தக் கத்து கத்துமா?"

அவன் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல விழித்தான். அவள் கதவைத் திறந்ததும் வாண்டு அவன் கையிலிருந்து துள்ளித் தாவி வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. முகமெல்லாம் சளி, சட்டையெல்லாம் பால் நாற்றம். சத்தம் அப்படியே அடங்கிவிட்டது.

"மைக்கக்கா, உங்க கொழந்தையா இது?" கண்டக்டர் வாயைப் பிளந்தார். "அப்போ இந்தாளு?"

அவள் கைக்குட்டையை எடுத்தாள். குழந்தையின் மூக்கை நிதானமாகத் துடைத்துவிட்டாள். அதுவரை காலர் கண்டக்டர் கையிலேயே இருந்தது. "என் வீட்டுக்காரர்தான். விட்டுடுங்க" என்றாள் பிறகு. கண்டக்டர் தலையைச் சொறிந்துகொண்டே வண்டிக்கு ஓடினார். கடலோர நகரத்து வண்டி இரண்டு சீட் காலியாகப் புறப்பட்டுப் போனது.

நிலைய அதிகாரி வந்தார். கூட்டத்தை விரட்டினார். "என்னம்மா இது, குடும்பச் சண்டைய மைக்ல போடறீங்க?"

"நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யா சார்?"

அவர் யோசித்துப் பார்த்தார். "மெமோ வரும்" என்றார்.

"வரட்டும் சார்."

"குழந்தை இங்க இருக்கக் கூடாதுன்னு சொன்னது சொன்னதுதான்." கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கணவன் காலரைச் சரிசெய்துகொண்டான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இத்தனை பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே!"

"உங்க மானம் நாளைக்குக் காலைல வந்துடும். என் பொண்ணு போனா வருவாளா? வர்றப்போ என்னை யாருன்னு கேப்பா. அவளுக்குத் தெரிஞ்ச ஒரே குரல மூடுன்னு என்கிட்டயே சொல்றீங்களே, சொல்றதுக்கு உங்களுக்கு நாக்கு எப்படி வந்தது?"

பொத்தானை அழுத்தாத குரல். அவன் அவளைப் பார்த்தான், அவள் தோளில் விக்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தான், சாத்திய கதவைப் பார்த்தான். குழந்தையைக் கொண்டுபோய் விட வேறு இடம் இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பஸ் போய்விட்டது.

"சரி" என்றான் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. "கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். பின்னாடி ரூம்ல வச்சுக்கறேன். பகல்ல நானே பாத்துக்கறேன்."

அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தனை நேரம் வந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்னும்படி ஒரு கோபம் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

"இவ்வளவுதானா?" என்றாள். "நானே பாத்துக்கறேன். இந்த ஒரு வார்த்தைய வீட்ல சொல்ல முடியலையா? ஒரு பஸ் ஸ்டாண்டே கூடி உங்க சட்டையப் புடிச்சாத்தான் அது உங்க வாய்ல வருமா?"

அவன் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் உடனே கொடுத்துவிடவில்லை.