தையற்காரர் சரிந்த நாள்

தோல் டாக்டரம்மா அந்தப் படிப்பை எடுத்ததற்கு ஒரே காரணம், சாவைப் பக்கத்தில் நின்று பார்க்க அவருக்குத் தெம்பில்லை. படர்தாமரை, சொறி, முகப்பரு என்று இருபது வருஷம் நிம்மதியாக ஓடியது. எலும்பு டாக்டரான அவருடைய அண்ணன்கூடக் கிண்டல் செய்வார்: "உன்கிட்ட சொறிஞ்சுக்கிட்டே வர்றவன் சிரிச்சுக்கிட்டே போறான். குடுத்து வச்சவ நீ."

அன்று முற்பகல் ஒரு தையற்காரர் மனைவியோடு வந்திருந்தார். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"ஊரு சட்டையெல்லாம் தைக்கிறேன், என் தோலைத் தைக்க முடியலையே டாக்டர்" என்று சிரித்தார். அடுத்த வார்த்தைக்கு வாயெடுத்தவர் நாற்காலியோடு சரிந்தார்.

டாக்டரம்மா அவர் கழுத்தில் விரல் வைத்தார். ஏதோ துடித்தது. அது அவருடைய நாடியா, பயத்தில் அடித்துக்கொள்ளும் தன் விரலின் நாடியா என்று பிடிபடவில்லை. மூச்சு இல்லை, வாய் மட்டும் இடையிடையே திறந்து மூடியது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடும்மா, சீக்கிரம்!" என்று வரவேற்புப் பெண்ணிடம் கத்திவிட்டு, நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஊன்றி அழுத்தத் தொடங்கினார். அதுவரை மறக்கவில்லை. அதற்குமேல் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆயிற்று. ஷாக் கொடுக்கும் இயந்திரம் தோல் வைத்தியத்துக்கு எதற்கென்று வாங்கவில்லை. அலர்ஜிக்கென வைத்திருந்த அட்ரினலின் இழுப்பறையில் கிடந்தது. இதற்கு எவ்வளவு? தசையிலா, நரம்பிலா? எப்போது திரும்பப் போடவேண்டும்? பரீட்சைக்கு உருப்போட்டதைப் பரீட்சை அறையிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். தெரிந்திருந்தாலும், நரம்பு தேடக் கையெடுத்தால் அழுத்துவது யார்?

"ஏதாவது ஊசி போடுங்கம்மா" என்றாள் மனைவி. "நீங்க டாக்டர்தானே?"

"ஆமாம்மா" என்றார் டாக்டரம்மா, மூச்சிரைக்க. அழுத்துவதை நிறுத்தவில்லை.

வண்டி வந்தது. வந்தவர்கள் ஷாக் கொடுத்தார்கள், ஊசி ஏற்றினார்கள், தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாயங்காலம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தையற்காரர் போய்விட்டார்.

அண்ணன் ஆறுதல் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். "நான் இருந்திருந்தாலும் இதே கதிதான். எனக்கு எலும்பைத்தான் ஒட்டத் தெரியும்."

சில நாள் கழித்து, விட்டுப்போன பையை வாங்க அந்த மனைவி வந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று டாக்டரம்மா எழுந்தே நின்றார்.

"அவ்வளவு நேரம் அமுக்குனீங்களே, கை வலிச்சிருக்கும்ல?" என்றாள் அவள்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? டாக்டரம்மா பையை நீட்டியபடியே நின்றார்.

அடுத்த மாதம் அண்ணனும் தங்கையும் உயிர்காக்கும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் பொம்மையின் முன் மண்டியிட்டார்கள். மருந்தின் அளவு, போடவேண்டிய இடம், ஷாக் கொடுக்கும் முறை எல்லாவற்றையும் டாக்டரம்மா தப்பில்லாமல் சொன்னார்.

"பிரமாதம் மேடம்" என்றாள் பயிற்சி கொடுத்த பெண். "ஆனா அடிக்கடி பழகணும். விட்டா மறந்துடும்."

டாக்டரம்மா எழுந்திருக்கவில்லை. "இதெல்லாம் எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, அந்த மெஷினும் இருந்திருந்தா, அவர் பிழைச்சிருப்பாரா?"

அந்தப் பெண் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். "பிழைச்சிருக்கலாம் மேடம். பிழைக்காமலும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

டாக்டரம்மா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பொம்மையின் முகத்தைத் துடைத்துவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு எழுந்தார்.